மறு: கம்பேட்டிபிள் – ஒரு சொல் போதாது

> ‘ஒத்தியல்பு’ என்றே முடித்துக்கொள்ளலாம் அண்ணா. ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதுதானே?

நம் கணினிக் கலைச்சொல் பட்டியலுக்குக் ‘கம்பேட்டிபிள்’ (compatible, ஒன்று இன்னொன்றோடு ஒத்துப்போவது) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நீங்கள் சொல்லும் ‘ஒத்தியல்பு’ அகராதியில் இருக்கிறது தம்பி. மன்னார்குடிக் கடைத்தெருவில் ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் போன தை மாதம் பட்ட பாடு. என் பிழைப்பு கல்யாணப் பத்திரிகை அடிப்பது. கணினி பழசு. ஜி41 வகை போர்டு (எல்லாப் பாகமும் மாட்டும் தாய்ப்பலகை), ரேமுக்கு (தற்காலிக நினைவகம்) இரண்டே செருகுவாய், ஒன்றில் 2 ஜிபி டிடிஆர்3 (ரேமில் ஒரு தலைமுறை). இரண்டு படத்தைச் சேர்த்து வைத்தால் திரை உறைந்துவிடும். பின்னால் பெண் வீட்டார் வெற்றிலைத் தட்டோடு நிற்பார்கள். தஞ்சாவூர் போய் 4 ஜிபி டிடிஆர்3 ஒன்று வாங்கிவந்தேன்.

ரேமின் அடியில் இருக்கும் வெட்டு சரியாக அமர்ந்தது, இரண்டு பக்கமும் கிளிப் ‘டிக்’கென்று விழுந்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றுகிறது. திரையில் ஒன்றும் இல்லை, பீப் பீப் என்று ஒரே அழுகை. கழற்றி, தங்கமுலாம் பூசிய முனைகளை ரப்பரால் தேய்த்து, வாய் மாற்றிச் செருகி, எல்லாம் பார்த்தாயிற்று.

பக்கத்து சர்வீஸ் கடைத் தம்பி ரேமைத் திருப்பிப் பார்த்தார். “அண்ணே, ஒரு பக்கம்தான் சில்லு இருக்கு. எட்டு. இந்த போர்டு இதை எடுக்காது. ரெண்டு பக்கமும் எட்டெட்டு இருக்கறதா பாத்து வாங்கியாங்க.”

விஷயம் இதுதான். எட்டு கிகாபிட் சேர்ந்தால் ஒரு ஜிபி. பதினாறு சில்லு என்றால் ஒவ்வொன்றும் 2 கிகாபிட்; எட்டே சில்லு என்றால் ஒவ்வொன்றும் 4 கிகாபிட். இரண்டும் கூட்டினால் அதே 4 ஜிபிதான். ஆனால் அந்தக் காலத்து ஜி41-க்கு 2 கிகாபிட்டுக்கு மேற்பட்ட சில்லைக் கையாளத் தெரியாது. அட்டையில் 4 ஜிபி டிடிஆர்3 என்று மட்டும் போட்டிருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? பதினாறு சில்லு வாங்கி மாட்டினேன், எழுந்துவிட்டது. உடனே அடுத்த கேள்வி: “பழைய 2 ஜிபியையும் விட்டுவைக்கவா?” “போடுங்கண்ணே, சேரும்.”

அன்று அந்தத் தம்பி வாயில் மூன்று வினைகள் வந்தன. செருகுவாயில் உட்காருமா என்பதற்கு ‘பொருந்தும்’. போர்டு ஒப்புக்கொள்ளுமா என்பதற்கு ‘எடுக்கும்’. ஒரு ரேமோடு இன்னொரு ரேம் ஒத்து ஓடுமா என்பதற்கு ‘சேரும்’. ஆங்கிலம் மூன்றையும் ஒரே சாக்கில் கட்டுகிறது. நாமும் அதே சாக்கைத் தேடி ஏன் அலைய வேண்டும்?

ஆகவே என் பரிந்துரை. வடிவத்துக்குப் ‘பொருத்தம்’: டிடிஆர்3-க்கு 240 முனை, டிடிஆர்4-க்கு 288, வெட்டும் இடம் மாறியிருக்கும், மாற்றிச் செருகவே முடியாது. ஜாதகம் நினைவுக்கு வருகிறது என்று ஓர் ஐயா கேலி செய்திருந்தார். வரட்டுமே, அங்கேயும் பொருத்தம் பார்த்த பிறகுதானே மற்றதெல்லாம்.

போர்டு எடுப்பதற்கு ‘ஏற்பு’. இதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் இது கிளை விடுகிறது. ஒரு போர்டு அதிகபட்சம் எவ்வளவு எடுக்கும் என்பது ‘ஏற்பளவு’ (என்னுடையதற்கு 8 ஜிபி). போர்டு செய்பவர்கள் சோதித்துப் பார்த்து வெளியிடும் ரேம் பட்டியல் ‘ஏற்புப் பட்டியல்’. இயங்குதளத்துக்கும் ஏற்பளவு உண்டு: வீட்டுக் கணினிகளில் போடும் 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எதையும் கண்ணெடுத்துப் பார்க்காது. ‘இணக்கம்’ வேண்டாம் என்பதும் இதனால்தான். வரி, சட்ட எழுத்துகளில் விதிக்கு அடங்கி நடப்பதற்கு அதை எடுத்துக்கொண்டாயிற்று.

மூன்றாவது ‘சேர்த்தி’. வேகம் வேறான இரண்டை மாட்டினால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கே ஓடும். நுகத்தில் பூட்டிய சோடியைப் போலத்தான்.

> சேர்த்தி எங்களுக்குக் கோயில் சொல். பங்குனி உத்திரத்தன்று நம்பெருமாளும் தாயாரும் சேர்ந்து எழுந்தருளுவதற்குச் சொல்வது. ரேமுக்கு வேண்டாமே.

ஸ்ரீரங்கத்து அக்கா, உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் காய்க்காரம்மாவும் “இதுக்கும் அதுக்கும் சேர்த்தி இல்ல” என்றுதான் சொல்கிறார். சன்னதியிலும் சந்தையிலும் புழங்கும் சொல்லுக்குக் கணினிக்குள் மட்டும் என்ன தீட்டு? இருந்தாலும் நீங்கள் ஒப்பாமல் இதைப் பட்டியலில் ஏற்ற மாட்டேன்.

டூயல் சேனலுக்கு (இரண்டு ரேமோடும் ஒரே நேரத்தில் தரவு போய்வர இரண்டு வழி) ‘தடம்’ வைக்கலாமா என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். ஒரு சேனலில் ஒரே வீச்சில் 64 பிட் போகும், இரண்டும் திறந்தால் 128. டெல்டாக்காரனிடம் கேட்டால் ‘இருவாய்க்கால்’ என்பான். நானும் அதுதான்.

‘ஏற்பு’க்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள், பட்டியலை அன்று இரவு திருத்துகிறேன்.

பி.கு.: அந்த எட்டுச் சில்லு ரேமைக் கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை, மேசை இழுப்பறையில் கிடக்கிறது. 4 கிகாபிட் சில்லை எடுக்கும் டிடிஆர்3 போர்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.