இசைத்தட்டில் அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர்கள்: மெட்டு யாருடையது, வரி யாருடையது?

டிக்கோயா வாசகன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்து அலுவலகத்தில் கிளாக்கராக இருந்த என் தாத்தா விட்டுச்சென்ற ஆங்கில இசைத்தட்டுகளை, வெளியே இறங்க முடியாத இந்த மழைநாட்களில் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பெர்ரி கோமோ, டியோன் வார்விக், கார்ப்பென்டர்ஸ் என்று பெரும்பாலும் வயலின் கூட்டத்தின் நடுவே மென்குரல் ஒலிக்கும் பாடல்கள். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளில், பாட்டின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன: பக்கராக், டேவிட். ஒன்றில் இவர் முதலில், மற்றொன்றில் அவர் முதலில். இவர்களில் மெட்டமைத்தவர் யார்? மெட்டு முதலில் பிறந்ததா, வரிகளா?

கேட்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. கீபோர்ட் வாசிக்கும் நண்பர் ஒருவரோடு சேர்ந்து பாட்டு எழுத முயல்கிறேன். அவர் மெட்டை முடித்துக் கையில் கொடுத்துவிட்டு, ஓர் அசையைக்கூடத் தொடாதே என்கிறார். மூன்று மாதமாக ஒரு பல்லவியிலேயே நிற்கிறோம்.

பண்டாரவளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, பெயர் வரிசையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அச்சிட்டவர் போட்டபடிதான் அது. மெட்டு பேர்ட் பக்கராக்குடையது, வரிகள் ஹால் டேவிட்டுடையவை. 1957இல் நியூயோர்க்கின் பிரில் கட்டடத்தில், பாட்டு எழுதுவதையே அலுவலக வேலையாகச் செய்துவந்த ஒரு கூட்டத்தின் நடுவே இருவரும் இணைந்தார்கள். உங்கள் தாத்தாவின் பெர்ரி கோமோ தட்டில் 'மெஜிக் மொமென்ட்ஸ்' இருந்தால், அது இவர்களுடைய ஆரம்பகால வெற்றிகளில் ஒன்று.

எது முதலில் என்பதற்கு அவர்களிடம் ஒரே விதி இருக்கவில்லை. 1966இல் வந்த 'அல்ஃபி' ஒரு திரைப்படத்தின் கதையைச் சொல்லியாக வேண்டியிருந்ததால் வரிகளே முதலில் எழுதப்பட்டன. 1969இன் மழைத்துளிப் பாட்டில் ('ரெயின்ட்ரொப்ஸ் கீப் ஃபோலிங் ஒன் மை ஹெட்') நடந்ததோ நேர்மாறு. படக்காட்சியைப் பார்த்து மெட்டுப் போட்டபோது, நம்மவர்கள் மெட்டுக்குப் பொருளற்ற அசைகளால் தத்தகாரம் போடுவதைப் போல, பக்கராக் வாயில் வந்த சொற்றொடர்தான் அதன் தலைப்பு. டேவிட் வேறு சொற்களைத் தேடியும் அதைத் தாண்ட முடியவில்லை. அதற்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது. 1965இல் வெளியான, உலகுக்கு இப்போது வேண்டியது அன்புதான் என்னும் பாட்டில், பல்லவி கையில் இருந்தும் சரணத்துக்கு வழி தெரியாமல் டேவிட் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தவித்தார். இன்னொரு மலை எங்களுக்கு வேண்டாம் என்று இறைவனிடம் சொல்லும் வரி தோன்றிய பிறகே மற்றவை வந்து சேர்ந்தன. மலையில் பிறந்து வளர்ந்தவனாகிய நான் அந்த வரியைச் சிரிக்காமல் கேட்டதில்லை.

தலவாக்கலை கிட்டார்காரன்:

ஐயா சொன்னது சரிதான். ஆனால் இரண்டு பெயர்களை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். இவர்களுடைய 'க்ளோஸ் டு யூ' 1963லேயே ரிச்சர்ட் சேம்பர்லின் குரலில் வந்தும் பெரிதாக எடுபடவில்லை. 1970இல் ரிச்சர்ட் கார்ப்பென்டர் அதன் வாத்திய அமைப்பைப் புதிதாகச் செய்து, தங்கை கேரன் பாடியபோது, அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. மெட்டும் வரியும் பழையவையே. இந்த வகை இசையில் வாத்தியம் அமைப்பவர் மூன்றாவது கூட்டாளி, ஆனால் அடைப்புக்குறிக்குள் அவருக்கு இடமில்லை. பக்கராக் பெரும்பாலும் அந்த வேலையையும் தானே செய்துகொண்டதால் அவருக்கு அந்தக் குறை இல்லை.

உங்கள் நண்பரின் பிடிவாதத்துக்கு வருகிறேன். 'எனிவன் ஹூ ஹாட் எ ஹார்ட்' பாட்டில் தாளம் நான்கு, ஐந்து என்று மாறிக்கொண்டே போகும். அதில் ஒரு வரியில், பொருள் கனக்க வேண்டிய சொல்லை விட்டுவிட்டு மெட்டின் அழுத்தம் ஓர் இடைச்சொல்லின் மேல் விழுகிறது. அதைத் திருத்த வழியில்லாமல் போனதை டேவிட் பின்னாளில் குறையாகவே சொன்னார். ஆங்கிலத்தில் அது வெறும் உறுத்தல்தான். தமிழில் குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும்: 'மலை' என்பதன் முதலெழுத்தில் நண்பர் ஸ்வரத்தை நீட்டினால் கேட்பவருக்கு அது 'மாலை'. அசையைத் தொடாதே என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டென்றால், குறிலைத் தொடாதே என்று சொல்ல உங்களுக்கும் உண்டு.

டிக்கோயா வாசகன்:

அண்ணா, எங்கள் பல்லவியின் முதற்சொல்லே 'மலை'தான்! ஐயா, இவ்வளவு ஒத்துப்போன இருவரும் பிற்பாடு பிரிந்தார்களாமே?

பண்டாரவளை ஆசிரியர்:

ஆம் தம்பி. 1973இல் அவர்கள் பாட்டமைத்த 'லொஸ்ட் ஹொரைசன்' திரைப்படம் படுதோல்வி அடைந்தது. பங்குப் பணத்தில் மனக்கசப்பு வந்து வழக்குவரை போனார்கள்; பேசியபடி இசைத்தட்டு செய்துதரவில்லை என்று அவர்களுடைய பாடல்களைப் பாடிவந்த டியோன் வார்விக்கும் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். விசுவநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்ததற்காக இன்றும் வருந்தும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் விசுவநாதன், ராமமூர்த்தி இருவருமே இசையமைப்பாளர்கள் என்பதால், நேராக ஒப்பிட்டுவிடவும் முடியாது.

டிக்கோயா வாசகன்:

நேற்று நண்பரிடம் குறில் விஷயத்தைச் சொன்னேன். முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு நீட்டலை 'ம'விலிருந்து எடுத்து 'லை'யில் வைத்து வாசித்துக் காட்டினார். இப்போது மலை மலையாகவே கேட்கிறது. அனுபல்லவிக்கு இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை.