பேயீசியன் மாடல்ல 240 பேர் போட்டா 171 பேர்தான் ஓடுது, மீதி 69 பேர் எங்க போறாங்க? உதவி வேணும்

நிலாமுற்றம்:
மனச்சோர்வு பத்தின ஃபாலோ-அப் ஸ்டடி, 240 பேர், மூணு தடவை ஸ்கோர் எடுத்தோம். மொதல் தடவை தூக்க ஸ்கோரும் கேட்டோம், அதுலயும் காலி, மூணாவது ஸ்கோர்லயும் காலி. முதல்ல சராசரிய போட்டு ரொப்பினேன், கைடு பாத்துட்டு "இது இல்லாத உறுதிய காட்டுது"ன்னு திருப்பிட்டாங்க. சரின்னு ஆர்-ல (புள்ளியியல் மென்பொருள்) பிஆர்எம்எஸ்-க்கு (brms, பேயீசியன் மாடல் ஓட்டற பேக்கேஜ்) வந்தேன், பேயீசியன்னா (விடைய ஒரே எண்ணா சொல்லாம, எது எவ்ளோ சாத்தியம்னு பரவலா சொல்ற முறை) காலி இடத்த அதுவே பாத்துக்கும்னு நெனச்சேன், ஆனா அவுட்புட்ல 171னு நிக்குது.

எண்ணும்எழுத்தும்:
ஓடும்போது ஒரு வார்னிங் வந்திருக்கும் பாருங்க, என்ஏ (NA, அதாவது காலி மதிப்பு) இருக்கற வரிசைய எடுத்துட்டேன்னு. நாம சொல்லாத வரைக்கும் அது தூக்கிதான் போடும். விட்டுப்போன மதிப்பையும் தெரியாத பாராமீட்டரா (மாடலே கணிக்க வேண்டிய எண்ணா) நடத்தணும், அதான் இதுல மையமே. தூக்கம் காலியா இருக்குன்னா தூக்கத்துக்கும் ஒரு ஃபார்முலா எழுதணும் (வயசு, மொதல் ஸ்கோர் வச்சு), ரெண்டு ஃபார்முலாலயும் எம்ஐ (mi(), இது காலியா இருக்கு, கணின்னு சொல்ற குறி) போடுங்க. சராசரி போட்டா எல்லாரும் நடுவுல ஒரே எடத்துல குவிஞ்சு வேரியன்ஸ் (ஸ்கோர்களோட பரவல்) சுருங்கிடும், உங்க கைடு சொன்னது சரிதான்.

நிலாமுற்றம்:
ரொம்ப நன்றிங்க, 240ம் வந்துடுச்சு! ஒருத்தருக்கு மூணு ஸ்கோர் 14, 19, அப்புறம் காலி. மாடல் 17 பக்கம் சொல்லுது, ஆனா இடைவெளி 9லேர்ந்து 26 வரைக்கும், இவ்ளோ அகலமாவா இருக்கும்? அப்புறம் புகைப்பழக்கம் ஆமா/இல்லன்னு இருக்கற நெடுவரிசைக்கு எம்ஐ போட்டா எரர்.

எண்ணும்எழுத்தும்:
அந்த அகலம்தான் உண்மை, அத பாத்து பயப்படாதீங்க. ஆமா/இல்ல வராது, ஏன்னா பிஆர்எம்எஸ்-க்கு அடியில ஓடற ஸ்டான்ங்கற மென்பொருள் தொடர்ச்சியான (நடுவுல எந்த மதிப்பும் வரக்கூடிய) பாராமீட்டரத்தான் சாம்பிள் பண்ணும். மைஸ் (mice, காலி இடத்த பல விதமா ரொப்பற ஆர் பேக்கேஜ்) வச்சு 20 டேட்டாசெட் ரொப்பி ஒவ்வொண்ணுலயும் மாடல ஓட்டி போஸ்டீரியர (விடையா வர்ற பரவல) சேத்துடுங்க. சேத்தப்புறம் ஆர்ஹாட் (Rhat, மாடல் சரியா நிலைச்சுதான்னு காட்டற எண்) கூடுதலா காட்டும், அது டேட்டாசெட் வேற வேறங்கறதால, தனித்தனியா பாருங்க.

கடைசிபெஞ்ச்:
ஒண்ணு விட்டுப்போச்சு. ரெண்டாவது ஸ்கோர் 19 வந்த அந்த ஆளு ஏன் மூணாவது தடவை வரல? மனச்சோர்வு மோசமானதாலேயே வரலேன்னா 17ங்கறது கம்மி, எந்த பேயீசியன் மாடலும் அத டேட்டாவ மட்டும் வச்சு கண்டுபிடிக்காது. புள்ளியியலாளர் ரூபின் 1976லயே இத பிரிச்சு சொல்லிட்டார், காரணம் நம்ம கையில இருக்கற டேட்டாவுலயே அடங்கினா ஒரு கதை, காணாமப்போன மதிப்பையே சார்ந்திருந்தா வேற கதை. மைஸ்ல ரொப்பின மூணாவது ஸ்கோர்ல 2 கூட்டி ஓட்டுங்க, அப்புறம் 4, அப்புறம் 6, எங்க முடிவு கவுருதுன்னு பாத்து அத பேப்பர்லயே எழுதுங்க.

நிலாமுற்றம்:
வராதவங்களுக்கு நாங்க ஃபோன் பண்ணின நோட்டு இருக்கு, "உடம்பு முடியல", "ஊர் மாறிட்டோம்"னு பக்கத்துலயே எழுதி வச்சிருக்கோம். ஊர் மாறினவங்களுக்கு 0, முடியலன்னவங்களுக்கு மட்டும் கூட்டி ஓட்டறேன், ரிசல்ட் வந்ததும் இங்கயே போடறேன்.