பதில்: "சடங்குக் காவலர்" சரிதானா?

அன்புள்ள நண்பர்களே,

சீனப் பேரரசர்களின் ஊர்வலத்தில் படைக்கலமும் கொடியும் ஏந்தி வந்த அணியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு உங்களில் ஒருவர் இப்படி எழுதியிருந்தீர்கள்:

> சடங்குக் காவலர் என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். சடங்கு என்றதும் எங்கள் பக்கத்தில் மஞ்சள் நீராட்டுதான் நினைவுக்கு வரும். "சடங்குக்குச் செய்தான்" என்றால் ஏனோதானோவென்று செய்தான் என்று பொருள். சீனப் பேரரசர்களின் ஊர்வலத்தில் ஏனோதானோவுக்கு இடமே கிடையாது.

சீன மொழியில் இந்த அணிக்குப் பெயர் யீஜாங். 'யீ' என்பது முறைமை, 'ஜாங்' கையில் ஏந்தும் படைக்கலம். காவல் என்ற பேச்சே அதில் இல்லை. பழைய ஹான் அரசமரபின் காலத்திலிருந்து வழங்கும் பழைய சொல் லூபூ. அதை 'லூ' பெருங்கேடயம், 'பூ' பதிவேடு என்று பழைய உரைகாரர்கள் பிரிப்பார்கள். எந்தத் தேர் முன்னே, எந்தக் கொடி பின்னே என்று ஏட்டில் எழுதிவைத்து நடத்திய ஊர்வலம் அது.

என் பரிந்துரை: கோலப்படை. மாக்கோலம் நினைவுக்கு வருமே என்று யாராவது கேட்பீர்கள். போர்க்கோலம், மணக்கோலம் இரண்டும் இன்றும் வழக்கில் இருக்கின்றனவே! படை என்ற சொல்லுக்குச் சேனை, ஆயுதம் இரண்டும் பொருள். யீஜாங்கும் அப்படித்தான், ஏந்தும் பொருளையும் குறிக்கும், ஏந்தி வருபவர்களையும் குறிக்கும்.

சீனாவின் கடைசி அரசமரபான சிங் மரபின் கவசத்தைப் பாருங்கள். வெளியே துணி, உள்ளே இரும்புத் தகடுகள். தகட்டைப் பிடித்திருக்கும் குமிழாணிகளின் தலை மட்டும் வெளியே வரிசையாகத் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் அணிவகுப்புக்கென்று தைத்த பல கவசங்களில் தகடே இல்லை. குமிழ்கள் மட்டும் பளபளவென்று அப்படியே இருக்கின்றன, எதையும் பிடிக்காமல். போர் போய்க் கோலம் மிஞ்சிய உடை இது. இதற்குக் 'கோலக் கவசம்' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஜின்யீவெய்யைக் கோலப்படை என்று எழுதிவிடாதீர்கள். மிங் பேரரசர் ஹோங்வு, ஊர்வலச் சின்னங்களைக் கவனித்த அலுவலகத்தை மாற்றி 1382இல் அமைத்த பிரிவு அது. ஊர்வலத்திலும் நின்றார்கள், ஆளைப் பிடித்து விசாரிக்கவும் செய்தார்கள், தனிச் சிறையும் வைத்திருந்தார்கள். பெயரின் நேர்ப்பொருளான 'பட்டாடைக் காவல்' போதும். அணிவகுப்பு மரியாதைக்கென்று 1952இல் அமைந்த இன்றைய சீன ராணுவப் பிரிவுக்கு 'மரியாதை அணி' இருக்கட்டும். செய்தித்தாளில் 'அணிவகுப்பு மரியாதை' ஏற்கெனவே ஊன்றிவிட்டது, அதைப் பிடுங்க வேண்டாம்.

எனக்குச் சிக்கல் ஃபெய்யூ ஆடையில்தான். ஜின்யீவெய்யின் உயர் அதிகாரிகளுக்குப் பேரரசர் அளித்தது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பறக்கும் மீன் ஆடை'. கடலோரத்தார் உடனே கோலா மீனை நினைப்பார்கள். ஆடையில் இருப்பதோ டிராகன் தலையும் சிறகும் மீன்வாலும் கொண்ட ஒன்று. யாளி என்றால் சிங்கமுகம் வந்துவிடும். இப்போதைக்கு 'மீன்வால் டிராகன் ஆடை' என்று குறித்து வைத்திருக்கிறேன். நாக்கில் புரளவில்லை. வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?