இதயக் கீழறை மாதிரிக்குள் குமிழி சேர்வது நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அளக்கும் அல்ட்ராசவுண்ட்) சோதனைக்காக பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) ஜெல்லில் வார்த்த, இதயத்தின் இடது கீழறை மாதிரி இது. 10 சதவீதக் கரைசல், மைனஸ் 20 டிகிரியில் மூன்று முறை உறையவைத்து இளக்கியது. சிலிக்கோனில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1000 மீட்டர்தான் போகும், உடல் திசுவில் 1540. படம் கோணலாகிவிடும் என்பதால்தான் சிலிக்கோனை விட்டு ஜெல். ரத்தத்துக்குப் பதிலாக உள்ளே ஓடுவது தண்ணீர் 60, கிளிசரின் 40 பங்கு, கூடவே ஒலியை எதிரொலிக்க 5 மைக்ரான் நைலான் தூள்.

பம்பு ஓடி இருபது நிமிடத்தில், மேல்நோக்கி வைத்த நுனியில் கடுகளவு குமிழிகள் சேர்கின்றன. திரையில் வெள்ளைக் கீற்றுகள் தெறிக்கின்றன. இந்த ஓடும் திரவத்தை ஒரு மணி நேரம் வெற்றிடத்தில் வைத்தும் தீரவில்லை. பம்பின் உறிஞ்சு பக்க இணைப்பில் காற்று நுழைகிறதா, தூளோடு ஒட்டி வருகிறதா, எப்படிப் பிரித்தறிவது? தூளைச் சோப்புத் திரவத்தில் நனைத்துச் சேர்ப்பவர்கள், நுரைக்காத அளவு லிட்டருக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்.