கடைசி மணியில் வந்தவனுக்கும் அதே கூலியா?

செல்வின்:
பைபிளில் மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் திராட்சத்தோட்டக் கதை எனக்கு நெருடலாகவே இருக்கிறது. எஜமான் விடியற்காலையில் ஒரு பணம் கூலி பேசி ஆட்களை அமர்த்துகிறார். அப்புறம் காலை ஒன்பது, நண்பகல், மூன்று மணி, கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் போய் ஆட்களைக் கூட்டி வருகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் அதே ஒரு பணம். பகல் முழுக்க வெயிலில் காய்ந்தவன் முறுமுறுத்தால் அவனைப் பொறாமைக்காரன் என்கிறோம். அவன் கேட்டது நியாயம்தானே? ‘என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா’ என்பது எந்த முதலாளியும் பேசுகிற பேச்சு.

கலாராணி:
செல்வின் பிரதர், முதலாளிகள் கூலியைக் குறைக்கத்தான் அப்படிப் பேசுவார்கள். இவர் கூட்டிக் கொடுத்துவிட்டுப் பேசுகிறார். ஒரு பணம் என்பது அன்றைய கூலியாளின் ஒரு நாள் வருமானம். மாலையில் நின்றவர்களை ‘ஏன் சும்மா நிற்கிறீர்கள்’ என்று கேட்டதற்கு, ‘எங்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை’ என்றார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. செய்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும். அதை வைத்து வீட்டில் அடுப்பு எரியுமா? ஏழையின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடு, அவன் அதை நம்பியிருக்கிறான் என்று பழைய ஏற்பாட்டில் உபாகமம் 24 சொல்கிறது. அந்தக் கவலைதான் இங்கேயும்.

செல்வின்:
அக்கா, பிந்தி வந்தவனுக்கு முழுக்கூலி கொடுத்ததில் எனக்கு சந்தோஷமே. ஆனால் பிந்தினவர்களுக்கு முதலில் கொடு என்று தன் காரியங்களைக் கவனிக்கும் காரியக்காரனிடம் சொன்னதும் எஜமான்தான். முந்தினவர்களை முதலில் அனுப்பியிருந்தால் மனக்கசப்பே வந்திருக்காது. அவர்கள் கண்முன் கொடுத்து, அதிகம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வைத்து, பிறகு கண்டிப்பது என்ன தயவு?

தாவீது:
தம்பி, கதையின் உயிரே அந்த வரிசையில்தான் இருக்கிறது. முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். ‘எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்’ என்று இயேசுவின் சீடர் பேதுரு கேட்கிறார். நூறு மடங்கு கிடைக்கும் என்று இயேசு வாக்குக் கொடுக்கிறார். அதையடுத்து இந்தக் கதை. விடியற்காலை ஆள் பேதுருதான், நம்மைப் போலப் பரம்பரையாகச் சபையில் இருப்பவர்களும்தான். அவன் காசை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தால் எஜமான் எப்படிப்பட்டவர் என்று தெரியாமலே போயிருப்பான். அவன் குறையைப் பாருங்கள்: கூலி போதவில்லை என்று அவன் சொல்லவில்லை, ‘இவர்களை எங்களுக்குச் சமமாக்கினீர்’ என்கிறான். ஆத்துமாவைப் பற்றிய கதை இது, கூலிக்கணக்கு இல்லை.

கலாராணி:
அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் ஐயா. கூலியை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் என்ன மிஞ்சும்? ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின் 1860-இல் பொருளாதாரம் பற்றி எழுதிய கட்டுரைகளுக்குத் தலைப்பே இந்த உவமையிலிருந்துதான் வந்தது. காந்தி 1904-இல் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் அதைப் படித்தார், 1908-இல் ‘சர்வோதயம்’ என்று குஜராத்தியில் சுருக்கித் தந்தார். வக்கீலின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் ஒரே மதிப்பு என்பதைத் தான் அதில் கற்றதாகவும் எழுதினார். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் இந்தக் கதையைக் கூலி விஷயமாகவே எடுத்துக்கொண்டு வாழ்க்கையை மாற்றிக்கொண்டார். நாம் அதைப் பரலோகத்துக்கு அனுப்பிவிட்டு, இங்கே வீட்டு வேலை செய்கிற அம்மாவிடம் அரை நாள் சம்பளத்துக்குப் பேரம் பேசுகிறோம்.

செல்வின்:
அக்கா சொல்வது மனதில் தைக்கிறது. ஆனால் என் கேள்வி வேறு. லூக்கா 15-இல், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பிய தம்பிக்கு விருந்து வைத்ததற்காக மூத்த மகனும் கோபிக்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார், ‘எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது’ என்கிறார். இங்கேயோ ‘உன்னுடையதை வாங்கிக்கொண்டு போ’. உழைத்துக் களைத்தவனிடம் ஏன் அந்த ஒரு அன்பான வார்த்தைகூட இல்லை? ஆயுள் முழுக்க ஊழியம் செய்து களைத்துப்போன மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இந்த அதிகாரத்தை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

தாவீது:
அவர்களிடம் லூக்காவை வாசியுங்கள் தம்பி, அதில் தப்பில்லை. மத்தேயு 20 பேதுருவுக்குச் சொன்னது. அன்றைக்கு அவருக்கு ஆறுதலைவிடக் கண்டிப்புதான் தேவைப்பட்டது.