ஃப்ரோசன் மாதிரி படத்துல பாட்டு முதல்லயா, படம் முதல்லயா?

வேளச்சேரிவாசி:
அஞ்சு வயசு பொண்ணு, லீவு விட்டதுலேர்ந்து தினமும் டிஸ்னியோட ஃப்ரோசன் அனிமேஷன் படம் தான், கூட உக்காந்து எனக்கும் டயலாக் எல்லாம் மனப்பாடம். நேத்து திடீர்னு கேக்குறா, அதுல வர்ற எல்சா பாடும்போது மூச்சு வாங்குறாளே, அவ பொம்மை தானேப்பான்னு. நான் முழிச்சேன். நம்ம ஊர்ல பாட்டை ரெக்கார்ட் பண்ணிட்டு ஷூட்டிங்ல வாயசைப்பாங்க, அங்கயும் அப்படியா இல்ல வரைஞ்சு முடிச்சிட்டு பாடுவாங்களா? ராத்திரிக்குள்ள பதில் சொல்லணும் :)

கீஃப்ரேம்:
குரல் தான் முதல்ல சார். எல்சாவுக்குக் குரல் குடுத்த இடினா மென்செல் பாடினதை அனிமேட்டருங்க பாத்து, எங்க மூச்சு இழுக்குறாங்க, எங்க தோள் ஏறுதுன்னு கவனிச்சு அதையே எல்சாவுக்கு வச்சாங்க. வாய் மட்டும் அசைஞ்சா ரேடியோவுக்கு வாயசைக்கிற மாதிரி தான் இருக்கும். உங்க பொண்ணு கண்ணு ரொம்ப ஷார்ப்பு, அனிமேஷன் கத்துக்க வர்ற பசங்களுக்கே இது சீக்கிரம் கண்ல படாது.

ஹார்மோனியம்:
இதுல பெரிய மேட்டரே வேற. எல்சா மொதல்ல வில்லி. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதுன பனி ராணி கதையிலேர்ந்து தானே எடுத்தது, அதுக்கேத்த மாதிரி வில்லியாவே வச்சிருந்தாங்க. கிறிஸ்டன் ஆண்டர்சன் லோபஸ், ராபர்ட் லோபஸ் ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி, புரூக்ளின்ல ஒரு பார்க்குல நடந்துக்கிட்டே அவ நெலமையில நாம இருந்தா எப்படி இருக்கும்னு பேசிப் பேசி எல்சா பாடுற லெட் இட் கோ பாட்டை எழுதிட்டாங்க, அதைக் கேட்டப்புறம் இவளைப் போய் எப்படி வில்லின்னு காட்டுறதுன்னு ஆகிப்போச்சு. திரைக்கதை எழுதுன ஜெனிஃபர் லீ கதையையே திருப்பி எழுதுனாங்க. அவங்க தான் கிறிஸ் பக் கூட சேர்ந்து டைரக்டும் பண்ணாங்க, 2013ல ரிலீஸ், அடுத்த வருஷம் பாட்டுக்கும் படத்துக்கும் ஆஸ்கர்.

ஸ்டோரிபோர்டு:
ஹார்மோனியம் சொல்றது சரி தான், ஆனா பாட்டு மட்டுமே படத்தை இழுத்துட்டுப் போச்சுன்னு நெனைக்காதீங்க. மொதல்ல கோட்டுப் படமா வரைஞ்சு, டெம்பரரி குரல் போட்டு, மொத்தப் படத்தையும் ஸ்டூடியோ ஆளுங்களுக்கே ஓட்டிக் காட்டுவாங்க, ஒட்டலன்னா எவ்ளோ நல்ல பாட்டா இருந்தாலும் தூக்கிடுவாங்க. அப்படித் தூக்குன பாட்டுங்க சிலது டீலக்ஸ் ஆல்பத்துல வந்துச்சு. எல்சாவோட தங்கச்சி அன்னா கதவைத் தட்டிக்கிட்டே பாடுவாளே, அந்த ஸ்னோமேன் பாட்டைக் கூட எடுத்துடலாம்னு இருந்தாங்களாம், ஸ்டூடியோ ஆளுங்களே விடல. அப்புறம் பனி. காலை வச்சா அமுங்கணும், உருட்டினா உருண்டையாகணும், மாவும் இல்ல தண்ணியும் இல்லன்னு ஒரு ரெண்டுங்கெட்டான், அதுக்குன்னே மேட்டர்ஹார்ன்னு தனியா ஒரு சாஃப்ட்வேர் எழுதினாங்க.

மாமிவீட்டுகாபி:
டப்பிங்காரங்க பாவம்ப்பா. வாய் ஏற்கனவே அசைஞ்சு முடிஞ்சுடுச்சு, அது தெறக்குற எடத்துல இவங்க 'ஆ' போட்டாகணும், மெட்டுக்கும் ஒக்காரணும், அர்த்தமும் வரணும். ரெண்டாவது பாகம் தமிழ்ல எல்சாவுக்கு ஸ்ருதிஹாசன், அன்னாவுக்கு டிடி. லெட் இட் கோவை 25 மொழியில மாத்தி மாத்திப் பாடுற வீடியோ ஒன்னு இருக்கு, பொண்ணுக்குப் போட்டுக் காட்டுங்க, கொஞ்ச நாளைக்காவது முழுப் படத்துலேர்ந்து தப்பிக்கலாம்.

வேளச்சேரிவாசி:
எல்லாருக்கும் தேங்க்ஸ். ஒரு அக்கா பாடுனாங்க, அவங்க மூச்சைப் பாத்து எல்சாவுக்கு வச்சாங்கன்னு சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, அப்போ அந்த அக்காவுக்கு சளி புடிச்சா எல்சாவுக்கு மூக்கு ஒழுகுமான்னு கேக்குறா. இதுக்கு யார்கிட்டயாவது பதில் இருக்கா?