ஏஐ போடும் எஸ்டிமேட், மோசடி ஸ்கோர்: டர்பன் கிளெயிம்ஸ் ஆட்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

டோங்காட் வாணி:
எல்லாருக்கும் வணக்கம். நான் டர்பனில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வாகனக் கிளெயிம் (இழப்பீட்டுக் கோரிக்கை) பிரிவில் இருக்கிறேன். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை வைத்து ஏஐயே சேத மதிப்புப் போடும் முறை வரப்போகிறது. கூடவே 0 முதல் 100 வரை ஒரு மோசடி ஸ்கோர்; ஏற ஏறச் சந்தேகம் கூடும். சோதனை ஓட்டத்திலேயே இரண்டு சிக்கல். பானல்பீட்டர் (வண்டியின் உடல்பகுதியைச் சரிசெய்யும் பட்டறை) தரும் கொட்டேஷனைவிட ஏஐ தொகை குறைவாகவே வருகிறது. ஸ்கோர் ஏறிய ஃபைல்களில் ஒழுங்கான ஆட்களும் மாட்டுகிறார்கள். எதை முதலில் பார்ப்பது? சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடும் அசெஸர் வேலை போய்விடும் என்று வேறு பேச்சு.

பீனிக்ஸ் அசெஸர்:
படத்தில் தெரிவது பம்பரின் மேல்தோல் மட்டும்தான், வாணி. உள்ளே இருக்கும் இரும்புப் பட்டை, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், கிளிப்புகள், சென்சார் ஒயர் எல்லாம் கழற்றினால்தான் தெரியும். முன்கண்ணாடியில் கேமரா உள்ள வண்டிக்குக் கண்ணாடி மாற்றினால் கேமராவைக் காலிபரேட் செய்ய, அதாவது மறுபடி சரியாகப் பொருத்தி அளவு சரிபார்க்க வேண்டும். அந்தச் செலவு ஏஐ கணக்கில் பல நேரம் விடுபடும். அதனால் பட எஸ்டிமேட்டை முதல் மதிப்பு என்றே வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். முழுத் தீர்வாக அந்தத் தொகையைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால், பிறகு கூடுதல் கொட்டேஷன் வரும்போது சண்டைதான்.

முடிந்த ஃபைல்களில் 50 எடுத்து ஏஐ தொகையையும் கடைசி இன்வாய்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. பாகம், கூலி மணி, பெயின்ட் என்று பிரித்துப் பாருங்கள். ‘ரிப்பேர்’ என்று ஏஐ சொன்னதை ஒர்க்‌ஷாப் எத்தனை முறை ‘மாற்று’ ஆக்கியது என்பதையும் எண்ணுங்கள். புதிதாக இறங்கிய வண்டி மாடல்களைத் தனியாக வையுங்கள். பழைய தரவு குறைவு என்பதால் தவறு அங்கேதான் குவியும். ஆலங்கட்டிக் குழிகளையும் நம்பாதீர்கள். வெயில் எதிரொளிப்பையும் குழியையும் அது குழப்பிக்கொள்ளும்.

வேலை விஷயம்: பாலிசி எண், ஐடி எண் தட்டச்சு செய்யும் மேஜைதான் முதலில் காலியாகும். சின்ன உரசலுக்கு அசெஸர் நேரில் போவதும் குறையும். கழற்றிய வண்டியைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

மவுண்ட் எட்ஜ்கோம்ப்:
ஸ்கோர் ஏறுவதற்கு ஒரு சப்பைக் காரணம் இருக்கலாம், அக்கா. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் படத்திலிருந்து அழிந்துபோகும். அந்த விவரம் இல்லாததையே சில ஏஐ மாடல்கள் சந்தேகமாக எடுத்துக்கொள்ளும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு படம், சேதத்துக்கு 1 மீட்டரில் ஒன்று, ஓடோமீட்டர், முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க் (வண்டி உரிம வில்லை). நிழலில், வண்டியைத் துடைத்துவிட்டு எடுக்கட்டும்.

செரீன் கம்ப்ளையன்ஸ்:
இதில் சட்டமும் இருக்கிறது. போப்பியா (தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) 71ஆம் பிரிவின்படி, ஒருவரின் நடத்தை, நம்பகத்தன்மை போன்றவற்றை எந்திரமே எடைபோட்டு, அதை மட்டும் வைத்து அவரைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவு எடுக்கக் கூடாது. ஒப்பந்தம் தொடர்பான விதிவிலக்கு உண்டு. ஆனால் அவர் கேட்டது முழுதாகக் கொடுக்கப்படவில்லை என்றால், அவர் பதில் சொல்ல வாய்ப்பும், எந்திரம் எந்த அடிப்படையில் முடிவுக்கு வந்தது என்ற விளக்கமும் தர வேண்டும்.

நிராகரித்தால் பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளின் 17ஆம் விதி வரும். முடிவு எடுத்த 10 நாளுக்குள் எழுத்தில் காரணம் போக வேண்டும். அவர் ஆட்சேபிக்க 90 நாள். ‘ஸ்கோர் 82’ என்பது காரணம் ஆகாது. எந்தப் படம், எந்த வாக்குமூலம், பாலிசியின் எந்த விதி என்று எழுத முடியவில்லையா, ஃபைலை நிராகரிக்காதீர்கள், விசாரணைக்கு அனுப்புங்கள். ஏஐ சொன்னதை மாற்றும் அதிகாரமும் நேரமும் இல்லாதவர் வெறுமனே கையெழுத்துப் போட்டால், ஓம்புட்ஸ்மன் (வாடிக்கையாளர் புகாரை விசாரிக்கும் நடுவர்) முன் அதை மனித முடிவு என்று நிறுத்துவது கடினம்.

பீனிக்ஸ் அசெஸர்:
ஒன்று விட்டுப்போச்சு. சம்பவ விவரத்தைப் படித்து ஏஐ ஃபைலைப் பிரிக்கும்போது ‘கல்லெறி’ என்ற சொல்லைக் கண்டதும் சாஸ்ரியாவுக்கு (கலவரச் சேதத்துக்கான அரசுக் காப்பீட்டு நிறுவனம்) தள்ளிவிடும். கலவரம், போராட்டத்தில் விழுந்த கல்தான் அங்கே போகும். பாலத்திலிருந்து எவனோ எறிந்த கல் நம் சொந்தச் சேதக் கணக்கு. 2021 ஜூலைக் கலவர ஃபைல்களை வைத்துப் பழக்கிய மாடல் என்றால் இந்தத் தவறு அதிகமாகவே இருக்கும். அந்த வகை மட்டும் இப்போதைக்குக் கையால் பிரியுங்கள்.

டோங்காட் வாணி:
நன்றி அண்ணா. நேற்று வந்த கல்லெறி ஃபைல் மூன்றுமே சாஸ்ரியா வரிசையில்தான் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன்.